எண்ணெய்க் கிணற்றின் பரீட்சையும் வயலின் பரீட்சையும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் நெல் வயல்களின் நடுவே எண்ணெய்க் கிணறுகளும் எரிவாயுக் கிணறுகளும் இருப்பது புதிதன்று. நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் முதலிய ஊர்கள் நெல்லுக்கு மட்டுமன்றி எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெயர் பெற்றுப் பல வருஷங்களாகின்றன. இக்கிணறுகளைக் குறித்துக் குடியானவர்களிடையே எழும் விவாதம் பெரும்பாலும் கிணறு தோண்டலாமா, கூடாதா என்ற ஒன்றைப் பற்றியதாகவே இருந்துவருகிறது. தோண்டிய கிணற்றை முதன்முதல் திறந்து பரீட்சை செய்யும் நாட்களைப் பற்றியோ, பழுது பார்த்த பழைய கிணற்றை மறுபடியும் பரீட்சை செய்யும் நாட்களைப் பற்றியோ பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், அதுவரை பூமியின் அடியில் அடைபட்டிருந்த வஸ்து வயலின் மட்டத்திற்கு வந்து சேருவது அந்நாட்களிலேதான். ஆகவே பக்கத்து நிலத்திற்கும் ஊருக்கும் அபாயம் நெருங்கி நிற்கும் காலமும் அதுவே.

இப்பரீட்சையைச் சரிவர நடத்துவதற்கு வேண்டிய சாஸ்திர அறிவும் அநுபவமும் இன்று இல்லாமற் போகவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பரீட்சைக்கென்று எழுதப்படும் திட்டம் கிணற்றையும், கருவிகளையும், வேலையாட்களையும் பற்றியதாய் முடிந்துவிடுகிறது. வேலிக்கு அப்பாலுள்ள மண்ணும், வாய்க்காலும், ஆழ்துளைக் கிணறும் அத்திட்டத்தில் உரிய இடம் பெறுவதில்லை. கிணற்றைப் பரீட்சிக்கும்போது சுற்றியுள்ள வயலும் கூடவே பரீட்சிக்கப்பட வேண்டும். அதன் கணக்கு கிராமத்திலேயே இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேராத திட்டத்தைப் பூர்த்தியான திட்டமென்று ஒப்புக்கொள்ளலாகாது.

கிணற்றுப் பரீட்சை என்பது யாது?

புதிதாகத் தோண்டிய நீர்க்கிணற்றில் ஊற்றுப் பார்ப்பது குடியானவர்கள் அறிந்த விஷயம். சில மணி நேரம் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு தாழ்கிறதென்று அளந்து, பிறகு இறைப்பை நிறுத்தி, எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்திற்கு ஊறுகிறதென்று பார்த்தால், அக்கிணறு எத்தனை காணி நிலத்திற்குப் பாயும் என்பது ஒருவாறு தெரிந்துவிடும். எண்ணெய்க் கிணற்றின் பரீட்சையும் அடிப்படையில் இதுவே. கிணற்றைக் குறிப்பிட்ட அளவில் ஓடவிட்டு, ஓட்டத்தையும் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். பிறகு கிணற்றை மூடி, அடியில் இறக்கிய கருவியைக் கொண்டு அழுத்தம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறதென்று பார்க்கிறார்கள். அந்த ஏற்றத்தின் போக்கிலிருந்து, எண்ணெய் பொதிந்துள்ள பாறையின் ஊடுருவு தன்மையும், அதன் பரப்பும், கிணறு எத்தனை காலம் பயன்படும் என்பதும் ஊகிக்கப்படுகின்றன.

எண்ணெய் பூமிக்குள் குளம்போல் தேங்கியிருப்பதில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளில் எண்ணெயும் வாயுவும் உவர் நீரும் கலந்து அழுத்தத்தோடு அடங்கியிருக்கின்றன. துளையிட்ட கிணற்றில் எஃகுக் குழாய்களை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டைச் செலுத்தி இறுகவிடுகிறார்கள். பின்பு எண்ணெய் இருக்குமென்று கருதும் ஆழத்தில் வெடிமருந்தின் உதவியால் குழாயில் சிறு துளைகளிடப்படுகின்றன. அத்துளைகளின் வழியே உள்ளே புகுந்து மேலேறி வரும் ஓட்டம், கிணற்றின் தலையிலுள்ள வால்வுத் தொகுதியைக் கடந்து, ஓட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு துவாரத்தின் வழியாக ஒரு பெரிய கலத்தை அடைகிறது. அங்கே எண்ணெய், வாயு, நீர் மூன்றும் வெவ்வேறாகப் பிரிக்கப்படுகின்றன. எண்ணெய் தொட்டிக்குச் செல்கிறது. குழாய்வழி இல்லாத இடங்களில் வாயு, தூரத்தே நிறுத்திய குழாயின் முனையில் எரிக்கப்படுகிறது. இரவில் ஊரார் காணும் பெருஞ்சுடர் இதுவே. எஞ்சிய உவர் நீர் குழியிலோ தொட்டியிலோ சேர்க்கப்படுகிறது.

அபாயம் எதனால்?

நீர்க்கிணற்றில் நீரை மேலே கொண்டுவர உழைக்க வேண்டும். எண்ணெய்க் கிணற்றிலோ மேலே வருவதைத் தடுத்து நிறுத்துவதற்கே உழைக்க வேண்டும். பத்து மீட்டர் உயர நீருக்கு ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் உண்டு. இக்கணக்குப்படி 2,000 மீட்டர் ஆழத்தில் சாதாரணமாகவே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் அழுத்தம் இருக்கும். டிராக்டரின் பின் சக்கர டயரில் அடைக்கப்படும் காற்று ஒன்று, ஒன்றரை கிலோவுக்கு மேற்படாது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும்.

இவ்வளவு வலிமையுள்ள ஓட்டத்தைப் பரீட்சைக் காலத்தில் தாங்குபவை பெரும்பாலும் லாரியில் கொண்டுவந்து சில நாட்களுக்கென்று பூட்டிய குழாய்களும் கலங்களுமே. ஓட்டத்தோடு வரும் மணல், உப்புக் காகிதம்போல் குழாயின் வளைவுகளைத் தேய்த்துத் துளைத்துவிடக்கூடும். சிறு துவாரத்தைக் கடக்கும் வாயு திடீரென்று குளிர்ந்து, நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போன்ற அடைப்பை உண்டாக்கும். அடைப்பு விலகும்போது குழாய் அதிரும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை மீதேன் கலந்துவிட்டால் ஒரு தீப்பொறியே வெடிப்புக்குப் போதும். முதல் ஓட்டத்தில் எண்ணெய் மட்டும் வருவதில்லை. துளையிடும்போது பயன்பட்ட சேறும், பாறையைச் சுத்தி செய்யச் செலுத்திய அமிலமும், கனத்த உப்பு நீரும் முன்னால் வருகின்றன.

இவற்றினும் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. எல்லாக் கிணறுகளிலும் இது இருப்பதில்லை. எனினும் இல்லையென்று அளந்து அறியும் வரையில் இருப்பதாகவே கொள்ளுதல் அறிவுடைமை. இது காற்றினும் கனமானதாகையால் பள்ளங்களிலும் வாய்க்கால்களிலும் தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடியான ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றத்தால் இதைக் கண்டுகொள்ளலாம் என்று நம்பியிருப்பதும் தவறு. அந்த அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாமற் போகிறது. பாழ்ங்கிணற்றில் இறங்கியவனைக் காப்பாற்றப் போனவனும் உள்ளேயே விழுந்து மடிந்த துயரங்களைக் கேட்டறிந்த கிராமத்தார்க்கு இதன் தன்மையை அதிகம் விவரிக்க வேண்டியதில்லை.

எழுதி வைத்த திட்டத்தின் அவசியம்

இத்தனை அபாயங்கள் இருந்தும் கிணறுகள் பெரும்பாலும் விபத்தின்றிப் பரீட்சிக்கப்படுவதற்குக் காரணம் முன்கூட்டிச் செய்யும் ஏற்பாடே. எதை அறிவதற்காகப் பரீட்சை, எத்தனை நாள், எவ்வளவு ஓட்டம், எவ்வளவு அழுத்தம் வரை என்பன முதலில் எழுத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும். கிணற்றைத் திறப்பதற்கு முன் எல்லாக் குழாய்களிலும் வால்வுகளிலும் நீரைச் செலுத்தி, வரக்கூடிய அழுத்தத்திற்கு மேலாக ஏற்றிச் சோதிக்க வேண்டும். நெருக்கடியில் ஓட்டத்தை ஒரே விசையால் நிறுத்தும் கருவி வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்க்க வேண்டும். கிணற்றை அடக்குவதற்குரிய கனத்த சேறு தொட்டியில் தயாராகவும், பம்பு குழாயோடு பொருத்தப்பட்டும் இருக்க வேண்டும். வாயுவைக் கண்டறியும் கருவிகள், காற்றின் திசையைக் காட்டும் துணிக்கூம்பு, ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் தப்பியோடும் வழி ஆகியவை வேண்டும். முதல் ஓட்டம் பகல் வெளிச்சத்தில்தான் மேலே வரவேண்டும் என்பது அநுபவஸ்தர்கள் வற்புறுத்தும் நல்ல வழக்கம். உத்தரவிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை முதல் நாளே விளக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்றுண்டு. எந்த அளவைக் கண்டால் வேலையை நிறுத்துவது என்பது, அளவுமானியைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை மறந்ததன் பலனை அமெரிக்காவில் மெக்ஸிகோ வளைகுடாவில் நேர்ந்த மகோண்டோ விபத்து காட்டிற்று. 2010 ஏப்ரல் 20-ல் அக்கிணற்றின் சிமெண்ட் அடைப்பு உறுதியாயிருக்கிறதா என்று அறிய ஒரு பரீட்சை நடந்தது. அது எண்ணெயை ஓடவிடும் பரீட்சையன்று. கிணற்றின் உள்ளழுத்தத்தைக் குறைத்து, கசிவு உண்டா என்று பார்க்கும் பரீட்சை. அடைப்பு சரியாயிருந்தால் அழுத்தம் ஏறக்கூடாது. ஒரு குழாயில் சதுர அங்குலத்திற்கு 1,400 பவுண்டு அழுத்தம் காட்டிற்று, மற்றொன்றில் ஒன்றுமில்லை. அங்கிருந்தவர்கள் 1,400-க்கு ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒன்றுமில்லாததையே உண்மையென்று ஏற்றுக்கொண்டார்கள். அன்றிரவே கிணறு பீறிட்டு வெடித்தது. 11 பேர் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் கடலிற் கொட்டிற்று. பின்னர் விசாரித்தவர்கள், அப்பரீட்சையை எப்படி நடத்துவது, அதன் அளவுகளுக்கு என்ன பொருள் கொள்வது என்பதற்கு வகுத்த முறையே இல்லாதிருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். பரீட்சை உண்மையைத்தான் சொல்லிற்று. கேட்பதற்கு முன்னேற்பாடு செய்து வைத்தாரில்லை.

ஊர் அறியாத திட்டம்

கிணற்றின் வேலிக்குள் எவ்வளவு சிறந்த ஏற்பாடு இருந்தாலும், வேலிக்கு வெளியே உள்ளவர் ஒன்றும் அறியாதிருப்பின் அது அரை ஏற்பாடே. சீன தேசத்தில் சோங்கிங் பிரதேசத்தைச் சேர்ந்த கை மாவட்டத்தில் 2003 டிசம்பர் 23 இரவு, துளையிடும் வேலையின்போது ஒரு வாயுக் கிணறு கட்டுமீறிற்று. அது பரீட்சையின் நடுவே நேர்ந்ததன்று. எனினும் பரீட்சையில் வேண்டுமென்றே மேலே கொண்டுவரும் அதே வாயுதான் அங்கே அடக்குவாரின்றி வந்தது. அதில் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்திருந்தது. இறந்தவர் 243 பேர். அவர்களிற் பெரும்பாலோர் கிணற்றின் வேலையாட்கள் அல்லர், சுற்றுப்புறக் கிராமவாசிகள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வெளியேறும் வாயுவைக் கொளுத்திவிட்டிருந்தால் நஞ்சு குறைந்திருக்கும்; அதைச் செய்வதற்குள் மறுநாள் பிற்பகலாகிவிட்டது.

இந்நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் கிழக்குக் கோதாவரி ஜில்லாப் பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் பீறிட்ட கிணறு, 65 நாட்கள் எரிந்த பின்னரே அடங்கிற்று. அதுவும் கோதாவரியின் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த கழிமுகப் பிரதேசம். அஸ்ஸாமில் தின்சுகியா ஜில்லாப் பாக்ஜானில், உற்பத்தியிலிருந்த வாயுக் கிணறு ஒன்றைப் பழுது பார்க்கும் வேலையின்போது 2020 மே 27-ல் வாயு பீறிட்டது. ஜூன் 9-ல் தீப்பற்றிற்று. தீயணைப்பு வீரர் இருவர் உயிர் நீத்தனர். நவம்பரில்தான் கிணறு அடக்கப்பட்டது. வயல்களும், தேயிலைத் தோட்டங்களும், பக்கத்து ஏரியும் எண்ணெய்த் துளிகளாலும் தீயாலும் பாழாயின. புதுக் கிணறு மட்டுமே அபாயமென்று எண்ணுவோர்க்கு இது தக்க பாடம். பல வருஷம் அடங்கிக் கிடந்த கிணறும் கை வைக்கும் நாளிற் புதுக் கிணறே.

இப்படிப்பட்ட விபத்துக்கள் அடிக்கடி நேர்வனவல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊராரைப் பீதியுறச் செய்வதில் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஆனால் எந்த நாளில் கிணறு திறக்கப்படுகிறது, சங்கு ஊதினால் எத்திசையில் செல்வது, யாருக்குச் செய்தி சொல்வது என்ற மூன்றையும் ஊரார் முன்னதாகவே அறிந்திருப்பது பீதியை உண்டாக்காது, தணிக்கும். ஆடி மாதத்து மேல்காற்றில் கிணற்றுக்குக் கிழக்கேயுள்ள தெருவும், கார்த்திகை மாதத்து வாடையில் தெற்கும் மேற்குமாயுள்ள தெருவும் காற்றின் வழியில் விழும் என்பதைக் கிராமத்தார் எழுத்தின்றியே அறிவார்கள். அவ்வறிவைத் திட்டம் எழுதுவோர் கேட்டுப் பெறுவது அவர்களுக்கே நன்மை.

பயிர்க் காலத்தை அநுசரித்தல்

பரீட்சை நடத்தும் காலத்தைக் குறிப்பதிலும் குடியானவர்களின் பஞ்சாங்கம் கவனிக்கப்பட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படுவது. இடைப்பட்ட காலத்தில் வாய்க்கால்களில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வயலில் விழுந்த எண்ணெயும் உப்பு நீரும் கன்னிவாய்க்கால் வழியே பல வயல்களுக்குச் சில மணி நேரத்திற் பரவிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த குழிகள் நிரம்பி வழியும். சம்பாப் பயிர் பூக்கும் தருணத்தில் 35 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் பதரை மிகுவிக்கும் ஆதலால், சுடருக்கு அடுத்த வயல்களுக்கு அது கெட்ட காலம். அறுவடைக் காலத்திலோ உலர்ந்த தாளும் வைக்கோற் போரும் தீப்பொறிக்குக் காத்திருப்பன போலாம்.

சம்பா, தாளடி அறுவடை முடிந்து, தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் எடுக்கப்பட்ட பின், சித்திரை வைகாசியில் வயல் வெறுமையாயும் வாய்க்கால் வறண்டும் இருக்கும். அப்போது கசிவு நேர்ந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். மேல் மண்ணை வெட்டியெடுத்து அப்புறப்படுத்தலாம். லாரிகளும் வரப்பை அழிக்காமற் போய்வரலாம். துளையிடும் கோபுரத்தின் வாடகை நாளொன்றுக்கு மிக அதிகமாகையால், பரீட்சையை மாதக்கணக்கில் ஒத்திவைக்க முடியாதென்று சொல்லப்படுவது உண்மையே. ஆனால் கிணறு தோண்டத் தொடங்கும் நாளும் மனிதர் குறிக்கும் நாள்தான். பரீட்சை எப்போது வருமென்று கணக்கிட்டுத் தோண்டும் நாளைக் குறித்தால் செலவு மிகாது. பழைய கிணறுகளைப் பழுதுபார்க்கும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வதற்கோ தடையொன்றும் பெரும்பாலும் இராது.

வயலின் பரீட்சை

இனி முக்கியமான விஷயம். கிணற்றிலிருந்து எண்ணெயோடு வரும் நீர் பெரும்பாலும் உவர் நீர். சில இடங்களிற் கடல்நீரினும் பன்மடங்கு உப்புள்ளது. செறிவுற நனைத்த மண்ணின் சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன் அளவை மிஞ்சினால் அந்நிலத்தை உவர் நிலமென்று வகுக்கிறார்கள். நெற்பயிருக்கு 3 அளவைத் தாண்டியதுமே மகசூல் குறையத் தொடங்கும். உளுந்தும் பயறும் இன்னும் முன்னதாகவே வாடும். சோடியம் மிகுந்த நீர் களிமண்ணிற் பாய்ந்தால் மண் இறுகி, நீர் கீழிறங்காமல் நிற்கும். அதைத் திருத்த ஜிப்சமும், நல்ல நீரும், வடிகாலும், பல வருஷப் பொறுமையும் வேண்டும். எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரியும். உப்புக் கறை அடுத்த பயிர் மஞ்சளிக்கும் வரையில் தெரியாது.

அதன்பின் எழும் வழக்கில்தான் குடியானவன் கைவிடப்படுகிறான். டெல்டாவின் கடைமடையில் உவர்ப்புக்குக் காரணங்கள் பல. கடல்நீர் நிலத்தடியே உட்புகுந்துவருகிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அலை நாகப்பட்டினம் கரையோர வயல்களில் உப்பேற்றிற்று. வடிகால் தூர்ந்த இடங்களில் உப்பு தானாகவே மேலேறுகிறது. ஆகையால் ஒரு வயல் உவர்ந்துபோனால், உடையவர் கிணற்றைக் காட்டுவார். கிணற்றுக்காரர் கடலைக் காட்டுவார். இருவர் பேச்சிலும் நியாயமிருக்கலாம்; எது உண்மையென்று தீர்ப்பதற்கு முந்திய கணக்கு ஒன்றுமில்லை. உண்மையாகவே நஷ்டமடைந்தவன் ஈடு பெறாமற் போவதும், நஷ்டம் செய்யாத கிணற்றின்மீது பழி விழுவதும் இந்த ஒரு குறையால்தான்.

இதற்குப் பரிகாரம் எளிது. பரீட்சை தொடங்குவதற்கு முன்பும், முடிந்தவுடனும், ஒரு பருவமழை கழிந்த பின்பும் ஆக மூன்று முறை, கிணற்றைச் சுற்றி நாற்புறமும் உள்ள வயல்களின் மண்ணும், ஆழ்துளைக் கிணறு, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் நீரும் எடுத்துச் சோதிக்கப்பட வேண்டும். மண்ணை 15 சென்டிமீட்டர் வரை ஒன்றும், 15 முதல் 30 வரை மற்றொன்றும், 30 முதல் 60 வரை வேறொன்றுமாக எடுத்தல் நலம். ஒவ்வொரு வயலிலும் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்துக் கழித்து, அரைக் கிலோவாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும். வரப்போரமும், எருக்குவியல் இருந்த இடமும், மர நிழலும் தவிர்க்கத்தக்கவை. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சிறிது நேரம் இறைத்துவிட்டபின், அந்நீராலேயே மூன்று முறை கழுவிய சீசாவில் நிரப்ப வேண்டும்; எண்ணெய்ப் பிசுக்கைச் சோதிப்பதற்கான நீர் கண்ணாடிச் சீசாவிலேயே எடுக்கப்பட வேண்டும். மின்கடத்துதிறன், கார அமில நிலை, குளோரைடு, சோடியம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய ஐந்தும் பார்த்தாலே பெரும்பாலான வழக்குகளுக்கு விடை கிடைக்கும். முன்னும் பின்னும் ஒரே சோதனைச்சாலையில், ஒரே முறையில் பார்க்கப்பட வேண்டும் என்பது மறக்கலாகாதது. முறை மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

மாதிரிகளை நிலச்சொந்தக்காரர், கிணற்று நிர்வாகத்தின் பிரதிநிதி, கிராம நிர்வாக அலுவலர் மூவர் முன்னிலையில் எடுத்து, மூன்று பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு சோதனைச்சாலைக்கும், ஒரு பங்கு நிர்வாகத்திற்கும் போக, எஞ்சிய மண் பங்கு தாலுகா ஆபீசில் காவலில் இருத்தல் வேண்டும். நீர் நெடுநாள் கெடாமல் இராதாகையால் அதன் சோதனைத் தாளே காவலுக்குரியது. சர்வே எண்ணோடு கூடிய அத்தாளின் நகல் கிராமக் கணக்கோடு சேர்க்கப்பட வேண்டும். இதன் செலவு கிணற்றுக்குரியவர்களைச் சேர்ந்தது. ஒரு கிணற்றைத் தோண்டிப் பரீட்சிக்கும் மொத்தச் செலவில் இது ஒரு பொருட்டாகவே தோன்றாது.

ஆட்சேபங்கள்

முதலாவதாக, 2020-ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கையில் இப்பேச்சு எதற்கு என்று கேட்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களிலும் (மயிலாடுதுறை அப்போது நாகப்பட்டினத்தோடு சேர்ந்திருந்தது), கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் தோண்டுவதையும் அச்சட்டம் விலக்கிற்று. ஆயின் சட்டத்திற்கு முன்னரே நடந்துவந்த வேலைகளை அது தொடவில்லை. பழைய கிணறுகள் உள்ளவரை பழுதுபார்த்தலும் மறுபரீட்சையும் இருக்கும். மண்டலத்திற்கு வெளியேயுள்ள ஜில்லாக்களுக்கோ அந்தப் பாதுகாப்பும் இல்லை. அன்றியும், மத்திய சர்க்கார் 2020 ஜனவரியில் வெளியிட்ட திருத்தத்தால் எண்ணெய், எரிவாயு தேடும் வேலைகள் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டாத வகைக்கு மாற்றப்பட்டன. கருத்துக் கேட்கும் சபை இல்லாத இடத்தில் சோதனைத் தாளாவது இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, 2017-ஆம் வருஷத்தில் வகுத்த எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குவிதிகளே போதுமென்று சொல்லலாம். அவை அவசியமானவை, ஆனால் சுரங்கத்தில் வேலை செய்வோரின் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதி எழுந்தவை. வேலைக்காரன் உயிருக்குரிய கவலை சரியே. பக்கத்து நிலத்தின் உயிருக்குரிய கவலையும் அதனோடு சேரவேண்டும் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

மூன்றாவதாக, நாளும் நேரமும் அறிவித்தால் கலகம் விளையுமென்று சில அதிகாரிகள் அஞ்சலாம். 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது எழுந்த கிளர்ச்சி அவர்கள் நினைவிலிருக்கும். ஆனால் அக்கிளர்ச்சியைப் போன்றவற்றுக்கு விதையாவது அறிவிப்பு அன்று, அறிவிப்பின்மையே. கசிந்தது எவ்வளவு, நிலத்தில் இறங்கியது எவ்வளவு என்பதற்கு இருதரப்பும் நம்பும் எண் ஒன்று கையிலிருந்தால் பேச்சுக்கு இடமுண்டு. எண் இல்லாத இடத்தில் சந்தேகமே எண்ணாகிறது.

கிராமத்தார் செய்யத்தக்கது

சர்க்கார் உத்தரவை எதிர்பார்த்து இருக்க வேண்டியதில்லை. கிணற்றின் அருகே நிலமுடையவர்கள் இப்போதே தங்கள் மண்ணையும் நீரையும் ஜில்லா மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பித் தாள் பெற்று வைத்துக்கொள்ளலாம். வருஷந்தோறும் கோடையில் அதைப் புதுப்பித்தல் நலம். குத்தகைக்கு விட்டிருப்போர் அதன் நகலைச் சாகுபடி செய்பவரிடமும் கொடுத்து வைப்பது நியாயம். முதலில் நஷ்டப்படுபவர் அவரே. பரீட்சையோ பழுதுபார்த்தலோ நடக்கப்போவதாகத் தெரிந்தால், அதன் நாட்களையும், உவர் நீர் எங்கே கொண்டுபோகப்படும் என்பதையும், பொறுப்பாளர் பெயரையும் பஞ்சாயத்தின் மூலம் எழுத்தில் கேட்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் தம் எல்லையிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பதிவேடு வைத்து, திறந்த நாள், மூடிய நாள், சுடர் எரிந்த இரவுகள், லாரிகளில் எடுத்துச் சென்ற நீர், வயலிற் கண்ட கசிவு ஆகியவற்றைக் குறித்து வருவது பேருதவியாகும். சுடர் எரியும் நாட்களில் வேலியருகே ஆடு மாடு மேய்க்கவும், பீடி பற்றவைக்கவும், தாளைக் கொளுத்தவும் கூடாதென்று தண்டோரா போடுவிப்பதும், நாற்றம் வந்தாலோ தலை சுற்றினாலோ பள்ளத்தை விட்டு விலகி, காற்றின் போக்கிற்குக் குறுக்காக மேட்டு நிலத்தை நோக்கிச் செல்லவேண்டுமென்று பள்ளிப் பிள்ளைகள் முதல் அனைவர்க்கும் தெரிவிப்பதும் அவர்கள் கடமையிற் சேரும்.

எண்ணெய்க் கிணறு முப்பது, நாற்பது வருஷம் பயன் தந்து ஓயும். அதைச் சுற்றியுள்ள வயல் அதற்குப் பிறகும் நெல் விளைய வேண்டிய வயல். சில நாட் பரீட்சையின்பொருட்டுக் கிணற்றின் அழுத்தத்தை மணிக்கு மணி குறித்து வைப்பவர்கள், அந்த வயலின் உப்பை வருஷத்தில் மூன்று முறை குறித்து வைக்கும்படி கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. ஜில்லாக் கலெக்டர்களும் வேளாண்மை அதிகாரிகளும் இதை ஒரு நிபந்தனையாக்கி, அடுத்த கோடைக்கு முன்பே நடைமுறைக்குக் கொண்டுவருவார்களாயின், நிலத்திற்கும் கிணற்றுக்கும் உள்ள பெரும்பாலான வழக்குகள் தோன்றுமுன்பே தீர்ந்துவிடும்.